பட்டனைத் தட்டினால் என்ன நடக்கிறது? ஜாவாஸ்கிரிப்ட் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

பொருளின் விலைக்கு ஒரு பெட்டி, அனுப்பும் கட்டணத்துக்கு ஒரு பெட்டி, கீழே 'மொத்தம்' என்று ஒரு பட்டன். வலைப்பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் ஆரம்பத்திலேயே செய்து பார்க்கும் பயிற்சி இது. முதல் பெட்டியில் 450, அடுத்ததில் 40 போட்டுப் பட்டனைத் தட்டினால் 490 வரவேண்டும். வருவது 45040.

பாடத்தில் இருந்தபடியேதான் எழுதியிருப்பார்கள். பிரவுசர் பிழைகளைச் சொல்லும் கன்சோலில் சிவப்பாக ஒரு எரரும் இருக்காது. இன்னும் குழப்புவது, இதே நிரலில் கூட்டலுக்குப் பதில் கழித்தலைப் போட்டால் 410 என்று சரியான விடை வந்துவிடும். பெருக்கினாலும் சரியாக வரும். கூட்டல் மட்டும்தான் படுத்துகிறது.

காரணம் இதுதான். வலைப்பக்கத்தில் இருக்கும் பெட்டியிடம் மதிப்பைக் கேட்டால் அது எழுத்தைத்தான் தரும். 'நம்பர்' வகைப் பெட்டி என்று குறித்திருந்தாலும், கைக்கு வருவது 4, 5, 0 என்ற மூன்று எழுத்துகள் அடுக்கிய ஒரு ஸ்ட்ரிங். ஜாவாஸ்கிரிப்டில் + குறிக்கு இரண்டு வேலை. இரு பக்கமும் எண் இருந்தால் கூட்டும். ஒரு பக்கமாவது ஸ்ட்ரிங் இருந்தால் ஒட்டிவிடும். கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் அப்படி இரண்டாவது வேலை கிடையாது, அதனால் அவை ஸ்ட்ரிங்கைத் தாமாகவே எண்ணாக்கிக் கணக்குப் போடுகின்றன.

பெட்டியிலிருந்து எடுத்த கையோடு எண்ணாக மாற்றிவிடுவதுதான் வழி. அதிலும் ஒரு பள்ளம் உண்டு. சாதாரணப் பெட்டியில் நம் வழக்கப்படி 1,450 என்று காற்புள்ளி போட்டு எழுதினால் 'நம்பர்' ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் துண்டு) அதை எண்ணே அல்ல என்று சொல்லிவிடும். 'பார்ஸ் இன்ட்' ஃபங்ஷனிடம் கொடுத்தால் காற்புள்ளி வரை மட்டும் படித்து 1 என்று தரும். ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய்ப் பொருள் ஒரு ரூபாய்க்குப் போய்விடும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

இந்த மொழி ஏன் இப்படி வாய் திறக்காமல் சமாளிக்கிறது என்பதற்கு அது பிறந்த கதையில் விடை இருக்கிறது. 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் நேவிகேட்டர்தான் பலரும் பயன்படுத்திய பிரவுசர். அன்றைய பக்கங்கள் படிப்பதற்கு மட்டுமே; ஏதாவது நடக்க வேண்டும் என்றால் சர்வருக்குப் போய்ப் புதுப் பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஒரு சிறிய மொழி வேண்டும் என்று நெட்ஸ்கேப் முடிவு செய்து பிரெண்டன் ஐக்கை வேலைக்கு எடுத்தது. ஸ்கீம் என்ற மொழியை பிரவுசருக்குள் கொண்டுவரலாம் என்ற பேச்சை நம்பித்தான் அவர் வந்தார். ஆனால் அது சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜாவா பரபரப்பாகப் பேசப்பட்ட காலம். பார்ப்பதற்கு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. 1995 மே மாதத்தில் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். மோக்கா என்று தொடங்கிய பெயர் லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, டிசம்பரில் சன் நிறுவனத்துடன் சேர்ந்து அறிவித்தபோது ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. பெயரைத் தாண்டி இரண்டு மொழிகளுக்கும் உறவு குறைவு.

முழுநேர நிரலாளர்களுக்கு ஜாவா. பக்கம் வடிவமைப்பவர்களும் ஓரளவு கணினி தெரிந்தவர்களும் அங்கங்கே நாலு வரி எழுதிக்கொள்ள ஜாவாஸ்கிரிப்ட். அன்றைய கணக்கு அதுதான். அப்படிப்பட்டவர்களிடம் 'இது ஸ்ட்ரிங், அது எண்' என்று சண்டை பிடிக்காமல், கொடுத்ததை வைத்து எப்படியாவது ஒரு விடை தரும் மொழியாக அது அமைந்தது. அவசரத்தின் தழும்புகளும் ஒட்டிக்கொண்டன. தேதி கையாளும் பகுதியை அன்றைய ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்ததால், இன்றுவரை அதில் ஜனவரி 0, டிசம்பர் 11. 'நல்' என்ற வெற்று மதிப்பின் வகை என்ன என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று தவறாகச் சொல்லும்.

திருத்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. 1990களில் யாரோ எழுதிவிட்டு மறந்துபோன பக்கம் இன்றைய பிரவுசரிலும் ஓட வேண்டும் என்பது வலையின் எழுதாத சட்டம். அதனால் பழையதை நீக்காமல், பக்கத்தில் புதியதைச் சேர்ப்பார்கள். == என்ற ஒப்பீடு 5 என்ற எண்ணையும் '5' என்ற எழுத்தையும் ஒன்று என்று சொல்லும்; அதைத் தொடாமல், வகையையும் சேர்த்துப் பார்க்கும் === குறியை 1999ல் தரத்தில் சேர்த்தார்கள். இந்தக் கட்டாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018ல் ஒரு வேடிக்கை நடந்தது. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் பிரித்து ஒன்றாக்கும் வசதிக்கு 'ஃபிளாட்டன்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்பு) அதே பெயரைத் தனக்காகப் பயன்படுத்தியிருந்ததால் சில பழைய தளங்கள் உடைந்துபோகும் என்று தெரிந்தது. கடைசியில் பெயரைத்தான் மாற்றினார்கள்: 'ஃபிளாட்'.

கற்பவருக்கு இதில் நேரடிப் பயன் ஒன்று உண்டு. மொழியில் இருப்பதையெல்லாம் பயன்படுத்த வேண்டியதில்லை. === போதும், == வேண்டாம். மதிப்புகளுக்குப் பெயர் வைக்க 2015ல் வந்த 'லெட்', 'கான்ஸ்ட்' போதும், 'வார்' வேண்டாம். ஒரு பாடம், பக்கத்தில் எழுதும் பழைய வழியான 'டாக்குமென்ட் ரைட்'டில் தொடங்கி எங்கும் 'வார்' போட்டுக்கொண்டே போனால், அது எந்த ஆண்டில் எழுதியது என்று பார்த்துவிட்டு வேறு பாடம் தேடுவது நல்லது.

மொழியின் கோணல்களை ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய தடை வேறு. சி, பைத்தான் என்று கல்லூரியில் கற்றுவிட்டு வருபவர்களுக்கு நிரல் என்றால் மேலே தொடங்கி, நடுவில் ஏதாவது கேட்டு வாங்கி, விடையைக் காட்டிவிட்டு முடிவது. வலைப்பக்கத்தின் நிரல் அப்படி நடந்துகொள்வதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் மேலிருந்து கீழ் வரை ஓடி முடிந்துவிடும். அதன்பிறகுதான் உண்மையான வேலையே: யாராவது தட்டுவார்களா, எழுதுவார்களா, சர்வரிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருப்பது. தொடங்குபவர்களை முழிக்கவைக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றம் மனதில் பதியாததால் வருபவை என்பது என் எண்ணம்.

அதற்கு முதலில் பக்கம் என்பது என்ன என்று தெரிய வேண்டும். எச்டிஎம்எல் கோப்பு வெறும் எழுத்து. பிரவுசர் அதை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, தலைப்பு, பத்தி, பெட்டி, பட்டன் என்று ஒவ்வொன்றையும் நினைவகத்தில் கிளைவிட்ட ஒரு மரமாகக் கட்டுகிறது. இதன் பெயர் டாம். திரையில் தெரிவது இந்த மரம்தான். ஜாவாஸ்கிரிப்ட் மாற்றுவதும் இதைத்தான். கோப்பை அது தொடுவதே இல்லை. அதனால்தான் பட்டனைத் தட்டி அழித்த வரி, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் திரும்பி வந்து நிற்கிறது. பக்கத்தின் மூலத்தைக் காட்டச் சொன்னால் வந்த கோப்பு தெரியும்; எஃப்12 தட்டிப் பிரவுசரின் கருவிகளைத் திறந்தால் இந்த நொடியில் இருக்கும் மரம் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தேடினால் மணிக்கணக்கில் போய்விடும்.

பிரவுசர் மேலிருந்து படிக்கிறது என்றேன். நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் வந்தால் மரம் கட்டுவதை நிறுத்திவிட்டு அதை ஓட்டும், பிறகு தொடரும். ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே போட்டுவிட்டால், அது 'மொத்தம் பட்டன் எங்கே?' என்று தேடும் நேரத்தில் பட்டன் இன்னும் முளைத்திருக்காது. தேடலுக்கு விடை 'நல்'. அடுத்த வரியில் அந்த 'நல்'லிடம் ஏதாவது கேட்டால் எரர். உடனே பட்டனுக்கு வைத்த ஐடியில் (தேடுவதற்கான பெயரில்) எழுத்துப்பிழையோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பிழை எழுத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்டைப் பக்கத்தின் கடைசிக்குக் கொண்டுபோகலாம், அல்லது தனிக் கோப்பில் உள்ள ஸ்கிரிப்ட் என்றால் 'டிஃபர்' என்ற சொல்லைச் சேர்த்து, மரம் கட்டி முடித்த பிறகு ஓட்டச் சொல்லலாம்.

சரி, பட்டன் கிடைத்துவிட்டது. இனி அதனிடம் 'உன்னைத் தட்டினால் இந்த ஃபங்ஷனை ஓட்டு' என்று சொல்லி வைக்க வேண்டும். 'ஆட் ஈவென்ட் லிசனர்' செய்வது அதைத்தான். இங்கே இரண்டு குறிகள் விஷமம் செய்யும்: (). ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுத்தால், பிறகு ஓட்டுவதற்காகக் கொடுத்தது ஆகும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால், அதை இப்போதே ஓட்டி, வந்த விடையைக் கொடுத்தது ஆகும். பெரும்பாலும் அந்த விடை ஒன்றுமில்லை. பிரவுசரும் ஒன்றுமில்லாததை மறுப்பு சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். பக்கம் திறந்ததும் ஒருமுறை கணக்கு ஓடும், பிறகு பட்டனை எத்தனை முறை தட்டினாலும் அசையாது. 'தானாக ஓடுகிறது, தட்டினால் ஓடவில்லை' என்று யாராவது புலம்பினால் முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள்.

இன்னொன்று: விடை சட்டென்று மின்னி மறைந்துவிடும். பெட்டிகளும் பட்டனும் ஃபார்ம் ஒன்றுக்குள் இருந்தால் இது நடக்கும். ஃபார்ம் ஜாவாஸ்கிரிப்டைவிட மூத்தது. பட்டனைத் தட்டினால் நிரப்பியதையெல்லாம் சர்வருக்கு அனுப்பிவிட்டு, வரும் பதிலைப் புதுப் பக்கமாகத் திறப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. ஃபார்முக்குள் இருக்கும் பட்டன், வேறு விதமாகச் சொல்லாதவரை, அனுப்பும் பட்டன்தான். உங்கள் ஃபங்ஷன் ஓடி விடையையும் எழுதிவிடும். அடுத்த கணமே பக்கம் புதிதாகத் திறந்துகொள்ளும். ஃபார்மின் அனுப்பும் நிகழ்வைக் கேட்டு, முதல் வரியிலேயே 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்று அந்தப் பழைய வழக்கத்தைத் தடுக்க வேண்டும்.

காத்திருப்பதில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டர் மாதிரி: முன்னால் நிற்பவரின் வேலை முழுதாக முடிந்தால்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார், நடுவில் யாரும் நுழைய முடியாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து ஐந்து நொடி ஓடும் ஒரு லூப் எழுதிவிட்டால் அந்த ஐந்து நொடியும் பக்கத்தின் பட்டன்கள் எதுவும் பதில் சொல்லாது. தட்டல்கள் தொலைவதில்லை, வரிசையில் நின்று லூப் முடிந்ததும் ஒவ்வொன்றாக வரும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கன்சோலில் 1 எழுதச் சொல்லுங்கள். அடுத்த வரியில் 'செட் டைம் அவுட்' மூலம் 0 மில்லிநொடி கழித்து 2 எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வரியில் 3. வருவது 1, 3, 2. பூஜ்யம் என்றால் உடனே என்று அர்த்தமில்லை. 'வரிசையில் நிற்கிறேன்' என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதும் முடியும்வரை 2க்கு இடம் கிடையாது. இந்த மூன்று வரி ஏன் இப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால் பாதி ஜாவாஸ்கிரிப்ட் புரிந்த மாதிரி.

மீதிப் பாதி சர்வரோடு பேசும்போது தேவைப்படும். பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் சர்வரிடம் கேட்டு வாங்கும் வசதியை முதலில் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட். அவுட்லுக்கின் வலை வடிவத்துக்காகச் செய்து 1999ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5ல் சேர்த்தது. சில ஆண்டுகள் அது அதிகம் பேசப்படவில்லை. 2004ல் ஜிமெயிலும் 2005ல் கூகுள் மேப்ஸும் வந்தபிறகுதான் பக்கத்தைத் திரும்பத் திறக்காமல் இவ்வளவு செய்யலாமா என்று எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்று அந்த வேலைக்கு 'ஃபெட்ச்' இருக்கிறது. கேட்டவுடன் அது தகவலைத் தராது. பிறகு தருகிறேன் என்ற 'பிராமிஸ்' ஒன்றைத் தரும். தகவல் வருவதற்குள் உங்கள் அடுத்த வரி ஓடி முடிந்திருக்கும். 'சர்வர் சரியாகத்தான் அனுப்புகிறது, என் வேரியபிள் மட்டும் காலியாக இருக்கிறது' என்பது இதன் அறிகுறி. 2017ல் தரத்தில் சேர்ந்த 'அசிங்க்', 'அவெய்ட்' சொற்களைப் போட்டால், அந்த ஃபங்ஷன் மட்டும் அங்கே நின்று காத்திருக்கும், பக்கத்தின் மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு ஆங்கிலப் பாடங்கள் சொல்லித் தராத ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேளுங்கள். 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் தனித்தனியாக இருப்பவற்றை எண்ணுகிறது அது. 'மீனாட்சிசுந்தரம்' நமக்கு 9 எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 16. பெயர்ப் பெட்டியில் அதிகபட்சம் 15 என்று யாராவது வைத்திருந்தால் அவர் பெயர் புள்ளி இல்லாமல் 'மீனாட்சிசுந்தரம' என்று நின்றுவிடும். சொல்லைத் தலைகீழாக்கு என்பது எல்லாப் பாடத்திலும் வரும் பயிற்சி. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் புள்ளி தனியாக முன்னால் வந்து தொங்கும், இகரக் குறி போன்றவை வேறு எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க இப்போது 'இன்டல் செக்மென்ட்டர்' (Intl.Segmenter) என்ற வசதி பிரவுசர்களிலேயே இருக்கிறது. தேடலில் இன்னொரு தொல்லை: 'கொ' என்பதை ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான்; === போட்டால் வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி முதல் நாளிலிருந்தே பழக வேண்டியது இரண்டு. பயனர் எழுதியதைப் பக்கத்தில் காட்ட 'டெக்ஸ்ட் கன்டென்ட்' பயன்படுத்துங்கள். 'இன்னர் எச்டிஎம்எல்' வேண்டாம். பின்னது, வந்த எழுத்தை எச்டிஎம்எல்லாகப் படிக்கும். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் நிரலை எழுதி வைத்தால் அதைப் பார்க்கும் மற்றவர்களின் பிரவுசரில் அது ஓடிவிடும். 2005 அக்டோபரில் சாமி காம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் தன் பக்கத்தில் வைத்த நிரல், பார்த்தவர் பக்கத்துக்கெல்லாம் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டு ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் பரவியது. தளம் வடிகட்டிப் பார்த்தும் நடந்த கதை அது. இரண்டாவது, பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்கு வசதி, உங்களுக்குக் காவல் அல்ல. நிரல் அவர் கணினியில் இருக்கிறது. எஃப்12 தட்டி விலையை மாற்ற ஐந்து நொடி போதும். கணக்கை சர்வர் மறுபடியும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ரியாக்ட்டிலேயே தொடங்கிவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேலை விளம்பரங்கள் அப்படித்தான் இருக்கின்றன. 2013ல் ஃபேஸ்புக் வெளியிட்ட அந்த லைப்ரரி, மரத்தில் எதை எப்போது மாற்றுவது என்ற தலைவலியை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தத் தலைவலி என்னவென்றே தெரியாதவருக்கு அதன் விதிகள் மந்திரம் மாதிரி இருக்கும், ஏதாவது உடைந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஏஐயிடம் எழுதி வாங்கினாலும் இதே கதைதான். லைப்ரரி எதுவும் இல்லாமல், வரிகளைச் சேர்க்க, நீக்க, கூட்டிக் காட்டத் தெரிந்த ஒரு பில் பக்கத்தை முழுதாக எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் ரியாக்ட் வேகமாகப் பிடிபடும்.

கணினி இல்லாமல் போனிலேயே கற்பவர்களுக்கு எஃப்12 கிடையாது என்பது பெரிய குறை. எரர் வந்தாலும் எங்கேயும் தெரியாது. அதற்கும் இதுவரை சொன்னதை வைத்தே வழி செய்துகொள்ளலாம். பக்கத்தின் அடியில் காலியாக ஒரு பத்தி வையுங்கள். தலைப்பகுதியில், மற்ற ஸ்கிரிப்டுகளுக்கெல்லாம் முன்னால், 'விண்டோ'வின் எரர் நிகழ்வுக்கு ஒரு லிசனர் போடுங்கள். எரர் வந்ததும் அதன் செய்தியையும் வரி எண்ணையும் எடுத்து, அந்தப் பத்தியின் 'டெக்ஸ்ட் கன்டென்ட்'டில் அது சேர்த்துவிடட்டும். உங்கள் நிரல் தனிக் கோப்பில் 'டிஃபர்' போட்டு இருக்கட்டும். அது ஓடும்போது பத்தி முளைத்திருக்கும், பிழையும் திரையிலேயே வரி எண்ணோடு வந்து நிற்கும். 'பிராமிஸ்' தவறினால் அது இந்த லிசனருக்கு வராது. அதற்கு 'அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன்' என்ற நிகழ்வுக்குத் தனியாக இன்னொன்று போட வேண்டும்.